பதிவேட்டில் விழாத ஆர்.எஸ்.வி.: பினாங்குக் கைக்குழந்தை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

பத்து வார ஆண் குழந்தை. நிறைமாதத்தில் 3.1 கிலோ எடையுடன் பிறந்தவன். இதயத்திலோ நுரையீரலிலோ எந்தக் குறையும் இல்லை. வீடு பினாங்கின் பெருநிலப் பகுதியான பிறையில். அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. அம்மா பிரசவ விடுப்பில் இருக்கிறார். வீட்டில் பாட்டியும், பாலர் பள்ளிக்குப் போகும் நான்கு வயது அக்காவும் உண்டு. தீபாவளிக்கு அடுத்த வாரம் அக்காவுக்குச் சளி பிடித்தது. ஐந்து நாள் கழித்துத் தம்பிக்கு மூக்கு அடைத்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு தனிக் குழந்தையின் கோப்பு அன்று. ஆண்டின் கடைசி மாதங்களில் குழந்தைகள் வார்டில் வழக்கமாகக் காணும் பலருடைய விவரங்களைக் கோத்து, யாரையும் அடையாளம் காண முடியாதபடி ஓர் உருவமாக எழுதியிருக்கிறேன். அரிய நோய் எதுவும் இதில் இல்லை. தலைப்பில் உள்ள ஆர்.எஸ்.வி. (respiratory syncytial virus), கைக்குழந்தைகளின் மூச்சுக்குழல்களைத் தாக்கும் ஒரு சாதாரண வைரஸ். அடிக்கடி வருவது என்பதாலேயே இதைத் தேர்ந்தெடுத்தேன்.

நோயின் மூன்றாம் நாள் பால் குடிப்பது பாதியாகக் குறைந்தது. மார்பில் வாய் வைப்பான், நாலு மிடறு குடிப்பான், மூச்சு வாங்குவதற்காக விட்டுவிட்டு அழுவான். கிளினிக்கில் மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு கொடுத்து, நிலைமை மோசமானால் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். நான்காம் நாள் இரவு அவசரப் பிரிவில் கிடத்திச் சட்டையை அவிழ்த்தபோது, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்து இழுத்து மீண்டது. மூக்கு விடைத்தது. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் மெல்லிய முனகல். மூச்சு நிமிடத்துக்கு 68, இரத்தத்தில் ஆக்சிஜன் 89 விழுக்காடு. உடல் வெப்பம் 37.6 டிகிரிதான். இந்த 37.6 பின்னால் தேவைப்படும்.

மூக்கு வழியாக ஆக்சிஜனும் குழாய் வழியாகத் தாய்ப்பாலும் கொடுக்கத் தொடங்கினோம். எக்ஸ்ரேயில் நுரையீரல்கள் காற்று அடைபட்டு உப்பியிருந்தன. வலது மேற்பகுதியில் ஒரு மங்கல். சளி அடைத்து அந்த இடம் சுருங்கினாலும் அப்படித் தெரியும், பாக்டீரியா நிமோனியாவிலும் அப்படித் தெரியும். படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. இரவுப் பணியில் இருந்த மருத்துவர் எச்சரிக்கையாக ‘பிராங்கோநிமோனியா’ என்று எழுதி, ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக் கொடுக்கச் சொன்னார். பத்து வாரக் குழந்தை முனகும்போது அப்படி முடிவெடுப்பதைக் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் மூச்சுத்திணறல் கூடியது. கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம், ஐந்து கிலோ குழந்தைக்குப் பத்து லிட்டர் என்று, ஈரமூட்டிய வேக ஆக்சிஜனுக்கு மாற்றினோம். இரண்டு இரவுகள் அப்படியே போயின. மூன்றாம் நாள் காலை தானாகப் பால் தேடி வாயைத் திருப்பினான். மருத்துவமனையில் சேர்ந்த ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம்.

சோதனைகள் இரண்டு நடந்தன. சேர்த்த இரவு மூக்கின் முன்பகுதியில் துடைத்தெடுத்து, வைரஸின் புரதத்தைத் தேடும் விரைவு ஆன்டிஜன் சோதனை: ஆர்.எஸ்.வி. நெகட்டிவ். வேக ஆக்சிஜனுக்கு மாற்றிய நாளில், மூக்கின் பின்புறத்திலிருந்து உறிஞ்சிய சளி, வைரஸின் மரபணுத் தடயத்தைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்குப் போனது. அதன் முடிவு வந்தபோது வெளியேற்றச் சுருக்கம் கையெழுத்தாகிவிட்டது. முடிவில் இரண்டு வைரஸ்கள் இருந்தன: ஆர்.எஸ்.வி., சாதாரணச் சளி தரும் ரைனோ வைரஸ்.

கிளம்பும் நேரத்தில் பாட்டி என்னிடம் கேட்டார். “டாக்டர், பேரனுக்கு வந்தது என்ன கிருமி? மருமகளின் தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். இந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போகலாமா?” அவர் கையிலிருந்த தாளில் எந்தக் கிருமியின் பெயரும் இல்லை.

நான்கு ஏடுகள்

இந்த ஒரு குழந்தை மருத்துவ உலகத்தின் கணக்குகளில் எப்படிப் பதிவானான் என்று பார்ப்போம்.

வார்டின் விரைவுச் சோதனை ஏட்டில் அவன் ஆர்.எஸ்.வி. இல்லாதவன். மருத்துவமனைப் புள்ளிவிவரத்தில் அவன் சர்வதேச நோய்க் குறியீடு ஜே 18.0, அதாவது காரணம் குறிப்பிடாத பிராங்கோநிமோனியா. ஆர்.எஸ்.வி.யால் வரும் சிறுமூச்சுக்குழல் அழற்சிக்கு, பிராங்கியோலைட்டிஸுக்கு, ஜே 21.0 என்ற தனிக் குறியீடே இருக்கிறது, அது எழுதப்படவில்லை. ஆய்வகக் கணினியிலோ அவன் இரண்டு தொற்றுகள்: ஆர்.எஸ்.வி.யில் ஒன்று, ரைனோ வைரஸில் ஒன்று.

நான்காவது ஏடு, கடுமையான மூச்சுத்தொற்றுகளின் கண்காணிப்பு. மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டிய நிலை, இருமல், காய்ச்சல் வந்ததாகச் சொல்வது அல்லது அளந்தபோது 38 டிகிரிக்குக் குறையாத வெப்பம், பத்து நாட்களுக்குள் தொடங்கிய நோய் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. இன்ஃபுளுவென்சாவைப் பிடிப்பதற்காக அமைந்த வலை அது. மலேசியாவிலும் இதை ஒட்டிய கண்காணிப்பு நடக்கிறது. வீட்டிலும் காய்ச்சல் இல்லாமல் 37.6 டிகிரியோடு வந்தவன் இந்த ஏட்டில் ஏறவே மாட்டான். ஆர்.எஸ்.வி. தாக்கிய கைக்குழந்தைகளில் பலருக்குக் காய்ச்சல் இருப்பதில்லை. மிகச் சிறிய குழந்தைகள் சிலர் இருமல்கூட இல்லாமல், மூச்சு சில நொடிகள் நின்றுபோவதை மட்டுமே அறிகுறியாகக் கொண்டு வருவார்கள். இதைத் தெரிந்துதான் உலகச் சுகாதார நிறுவனம் ஆர்.எஸ்.வி. கண்காணிப்புக்கென்று காய்ச்சல் நிபந்தனையை நீக்கி, ஆறு மாதத்துக்குட்பட்டவர்களுக்கு மூச்சு நின்றுபோவதையும் சேர்த்து வரையறையை விரிவாக்கியது.

நான்கு ஏடுகளும் தத்தம் விதிப்படி சரியாகவே எழுதப்பட்டவை. ஆனாலும் ஆர்.எஸ்.வி.யால் எத்தனை குழந்தைகள் படுக்கையில் கிடந்தார்கள் என்று சுகாதாரத் துறை கேட்டால், எந்த ஏட்டைத் திறக்கிறோமோ அதற்கேற்ப விடை மாறும். வழக்கமாகத் திறக்கப்படுவது இரண்டாவது ஏடு. அதில் இவன் இல்லை.

கணக்கு

எண்ணப்பட்டதிலிருந்து உண்மை எண்ணிக்கையை எப்படி ஊகிப்பது? ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வரும் எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை, எந்த மருத்துவமனையின் எண்களும் அல்ல.

ஓராண்டில் இரண்டு வயதுக்குட்பட்ட 1,000 குழந்தைகள் நுரையீரல் தொற்றோடு சேர்க்கப்படுகிறார்கள். அவர்களில் 300 பேருக்குச் சோதனை நடக்கிறது. 90 பேருக்கு ஆர்.எஸ்.வி. இருக்கிறது. ஆண்டறிக்கை ‘90’ என்று சொல்லும். ஆயிரத்தில் 90, அதாவது 9 விழுக்காடு என்று யாராவது மேடையில் பேசினால், சோதிக்கப்படாத 700 பேருக்கும் நோய் இல்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டதாகப் பொருள். இது பெரிய தவறு.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. சோதித்தவர்களில் 30 விழுக்காடு, ஆகவே ஆயிரத்தில் 300 என்று பெருக்கிவிடுவது. யாருக்குச் சோதனை செய்கிறோம் என்பதை மறந்த கணக்கு இது. பெரும்பாலும் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கும் கடுமையாகத் திணறுபவர்களுக்கும்தான் செய்கிறோம், ஆர்.எஸ்.வி. மிகுதியாக இருப்பதும் அவர்களிடம்தான். எனவே வயதுவாரியாகப் பிரிக்க வேண்டும். சோதித்த 300 பேரில் ஆறு மாதத்துக்குட்பட்டவர்கள் 200 பேர், அவர்களில் 80 பேருக்கு ஆர்.எஸ்.வி. என்று வைத்துக்கொள்வோம்: 40 விழுக்காடு. மூத்தவர்கள் 100 பேர், 10 பேருக்கு ஆர்.எஸ்.வி.: 10 விழுக்காடு. சோதிக்காத 700 பேரில் ஆறு மாதத்துக்குட்பட்டவர்கள் 200, மூத்தவர்கள் 500 என்றால், அந்தந்த விழுக்காட்டின்படி 80-உம் 50-உம் சேர்ந்து 130 வரும். ஏற்கெனவே கண்ட 90-ஐக் கூட்டினால் 220. நேரடிப் பெருக்கல் தந்த 300-க்கும் ஏட்டில் இருந்த 90-க்கும் இடையில் எங்கோ உண்மை இருந்திருக்கிறது.

அடுத்து சோதனையின் திறன். விரைவு ஆன்டிஜன் சோதனைகள் குழந்தைகளிடம் ஆர்.எஸ்.வி.யை ஏறத்தாழ 80 விழுக்காடு கண்டுபிடிக்கும் என்று 2015-இல் வந்த தொகுப்பு ஆய்வு சொல்கிறது. ஐந்தில் ஒருவர் தப்பிவிடுகிறார், நம் பத்து வாரக் குழந்தையைப் போல. எல்லாச் சோதனையும் அந்த வகை என்றால் 220-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும்: 275. ஏட்டில் 90 என்று இருந்தது இப்போது மூன்று மடங்கைச் சற்றுத் தாண்டுகிறது. ஒரே வயதுக்குள்ளும் சோதிக்கப்படாதவர்கள் இலேசான நோயாளிகளாக இருக்கலாம் என்பதால், இந்த எண்ணை மேலும் கீழுமாக ஒரு வரம்போடு சொல்வதே நேர்மை. ஒற்றை எண்ணாகச் சொல்பவர்களிடம் வரம்பைக் கேட்டு வாங்குங்கள்.

நோயின் எத்தனையாவது நாளில் மாதிரி எடுத்தோம் என்பதும் முக்கியம். நாள் ஆக ஆக மூக்கில் வைரஸின் அளவு குறையும். ஆன்டிஜன் சோதனை முதலில் தவறவிடும், பி.சி.ஆர். இன்னும் சில நாள் பிடித்துக்கொள்ளும். மூக்கின் முன்பகுதித் துடைப்பும் பின்புறத்திலிருந்து உறிஞ்சிய சளியும் ஒரே தரத்தவை அல்ல. ஆனால் பல சோதனைப் படிவங்களில் நோயின் நாளை எழுதவே இடம் கிடையாது. கணக்கைத் திருத்தத் தேவையான தகவல், படிவத்தை நிரப்பும் நொடியிலேயே தொலைந்துபோகிறது.

மூக்கில் இருப்பதும் நோய்க்குக் காரணமும்

பி.சி.ஆர். வந்த பிறகு சிக்கல் தலைகீழானது. முன்பு எதையும் காணாமல் தவித்தோம். இப்போது ஒரே மூக்கில் இரண்டு மூன்று வைரஸ்கள் தென்படுகின்றன. அந்தக் குழந்தையை ஆக்சிஜனுக்குத் தள்ளியது ஆர்.எஸ்.வி.யா, ரைனோ வைரஸா?

இதற்கு விடை சொல்ல நோயில்லாத குழந்தைகளின் மூக்கையும் சோதிக்க வேண்டும். வங்காளதேசம், காம்பியா, கென்யா, மாலி, தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து, ஜாம்பியா ஆகிய ஏழு நாடுகளில் 2011 முதல் 2014 வரை நடந்து, 2019-இல் வெளியான ‘பெர்ச்’ ஆய்வு அதைத்தான் செய்தது. நிமோனியாவோடு சேர்ந்த 4,232 குழந்தைகளுக்கு எதிரே, அதே ஊர்களில் வாழும் 5,119 குழந்தைகள். எச்.ஐ.வி. இல்லாத, எக்ஸ்ரேயில் நிமோனியா உறுதியான குழந்தைகளிடம் காரணங்களைப் பங்கிட்டபோது வைரஸ்களுக்கு 61.4 விழுக்காடும், ஆர்.எஸ்.வி. ஒன்றுக்கு மட்டும் 31.1 விழுக்காடும் வந்தன. தாய்லாந்து நமக்கு அடுத்த வீடு. அந்த முடிவுகளை ஆப்பிரிக்கச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது.

அதற்கு முன்பே 2015-இல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வு, நோயுற்ற குழந்தைகளையும் நோயற்ற குழந்தைகளையும் ஒப்பிட்டு ஒவ்வொரு வைரஸுக்கும் ஒரு பங்கைக் கணித்தது. நுரையீரல் தொற்றோடு வந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையிடம் ஆர்.எஸ்.வி. தென்பட்டால், அதுவே காரணம் என்று ஏறத்தாழ 90 விழுக்காடு சொல்லலாம். ரைனோ வைரஸுக்கு அந்தப் பங்கு 30 விழுக்காடுதான். சளி விட்டுப் பல வாரம் கழித்தும் ரைனோ வைரஸின் தடயம் மூக்கில் இருந்துகொண்டே இருக்கும். அக்கா பாலர் பள்ளியிலிருந்து கொண்டுவந்தவற்றில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். எனவே ஆய்வக ஏட்டில் ‘இரண்டு தொற்று’ என்று இருப்பதை அப்படியே கூட்டினால் ரைனோ வைரஸின் சுமை ஊதிப்போகும். மேலே கண்ட 275-ஐ 0.9-ஆல் பெருக்கினால் சுமார் 250. இந்தக் குழந்தைக்கு என் தீர்ப்பு: வயது, பருவம், நோயின் போக்கு எல்லாம் ஆர்.எஸ்.வி.யையே காட்டுகின்றன. இவனுக்கு உரிய குறியீடு ஜே 21.0.

யாருடைய குழந்தைகள்?

கோலாலம்பூரிலிருந்து நமக்கு ஓர் அரிய நீண்ட பதிவு இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 1982 முதல் 2008 வரை, 27 ஆண்டுகளில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடமிருந்து எடுத்த 10,269 மாதிரிகளைத் தொகுத்து 2012-இல் வெளியிட்டார்கள். 2,708 மாதிரிகளில், அதாவது 26.4 விழுக்காட்டில், வைரஸ் தென்பட்டது. அவற்றில் 70.6 விழுக்காடு ஆர்.எஸ்.வி. ஆண்டின் இறுதியில், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, ஆர்.எஸ்.வி. உச்சம் தொட்டது. தீபாவளியை ஒட்டி வார்டு நிறைகிறது என்று தாதியர் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

இந்தப் பதிவை மதிக்கிறேன். அதே வேளையில் அதை எப்படி வாசிக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். மீதி 7,561 மாதிரிகள் வைரஸ் இல்லாதவை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பயன்படுத்தியவை ஒளிரும் எதிர்ப்பொருள் முறையும் செல் வளர்ப்பும். ரைனோ வைரஸ் அந்தப் பட்டியலில் இல்லை. மூச்சுத்தொற்று தரும் இன்னொரு வைரஸான மெட்டாநியூமோ வைரஸை உலகம் கண்டுபிடித்ததே 2001-இல், நெதர்லாந்தில். மருத்துவர் அனுப்ப நினைத்த மாதிரிகள்தான் ஆய்வகத்துக்குப் போயின என்பதும் உண்டு. மேலும், ஒரு மருத்துவமனையின் மாதிரிகளை வைத்து ‘ஆயிரம் குழந்தைகளில் எத்தனை பேர்’ என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாது, ஏனென்றால் கீழே வகுக்கும் எண் அங்கே இல்லை.

பினாங்கில் அந்த வகுக்கும் எண் இன்னும் சிக்கலானது. கூலிமிலிருந்தும் சுங்கைப் பட்டாணியிலிருந்தும் கெடா மாநிலக் குழந்தைகள் இங்கே வருகிறார்கள். பாரிட் புந்தாரிலிருந்து பேராக் குழந்தைகளும் வருகிறார்கள். தீவிலும் பெருநிலத்திலும் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினர் காப்பீட்டு அட்டையோடு தனியார் மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். அங்கே மூச்சுத்தொற்றுச் சோதனை தாராளமாக நடக்கும், ஆனால் அந்த எண்ணிக்கை அரசுப் புள்ளிவிவரத்தோடு எளிதில் சேராது. அரசு வார்டின் நோயாளிகளைப் பினாங்கின் குழந்தைத் தொகையால் வகுத்தால் வருவது பினாங்கின் சுமையே அல்ல. உலகின் பல ஊர்களில் இதற்கு ஒரு வழி கையாளப்படுகிறது. சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் போய், ‘உங்கள் குழந்தைக்கு மூச்சுத்திணறினால் எந்த மருத்துவமனைக்குப் போவீர்கள்?’ என்று கேட்டு, எந்த மருத்துவமனை எந்தப் பகுதியில் எத்தனை பங்கு குழந்தைகளைப் பார்க்கிறது என்று கணிப்பார்கள். பிறையிலும் ஆயர் ஈத்தாமிலும் பாயான் லெப்பாசிலும் விடை ஒன்றாக இருக்காது.

விழுக்காடுகளில் இன்னொரு கண்ணியும் உண்டு. 2020 டிசம்பரில் மலேசியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில், நிமோனியா தரும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி சேர்ந்தது. பாக்டீரியா நிமோனியா குறையக் குறைய, ஆர்.எஸ்.வி. ஒருவருக்குக்கூட அதிகமாக வராவிட்டாலும் அதன் விழுக்காடு ஏறும். பத்தாண்டு வரைபடங்களில் இந்த ஏற்றத்தைப் பார்த்து வைரஸ் பெருகிவிட்டது என்று பயப்படுபவர்கள் இருப்பார்கள். மக்கள்தொகைக்கு எத்தனை பேர் என்ற வீதம் கையில் இருந்தால்தான் இந்தக் குழப்பம் தீரும்.

மருத்துவமனைக்கே வராத குழந்தைகளைப் பற்றி ஒரே ஒரு செய்தி. 2022-இல் வெளியான உலக மதிப்பீட்டின்படி, 2019-ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களிடையே ஆர்.எஸ்.வி. நுரையீரல் தொற்றுகள் 3.3 கோடி, மருத்துவமனைச் சேர்க்கைகள் 36 இலட்சம், மருத்துவமனையில் நேர்ந்த மரணங்கள் 26,300, மொத்த மரணங்கள் 1,01,400. மருத்துவமனைக்கு வெளியே இறந்தவர்களே பெரும்பான்மை.

என்ன செய்யலாம்

எல்லாக் குழந்தைகளுக்கும் பி.சி.ஆர். செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. பிராங்கியோலைட்டிஸுக்குச் சிகிச்சை ஆக்சிஜனும் பாலும் பொறுமையும்தான். வைரஸின் பெயர் தெரிந்தாலும் அது மாறாது. நான் கேட்பது வேறு. மருத்துவரின் விருப்பப்படி ஆங்காங்கே செய்யும் நூறு சோதனைகளைவிட, விதிப்படி தேர்ந்த முப்பது சோதனைகள் உண்மையை நன்றாகச் சொல்லும். வாரத்தில் இரண்டு நாளை முன்கூட்டியே குறித்து, அந்த நாட்களில் நுரையீரல் தொற்றோடு சேரும் இரண்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இலேசாக இருந்தாலும் கடுமையாக இருந்தாலும், சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் மாதிரி எடுக்க வேண்டும். படிவத்தில் ‘நோயின் எத்தனையாவது நாள்’ என்று ஒரு கட்டம் வேண்டும். பி.சி.ஆர். முடிவு தாமதமாக வந்தால் வெளியேற்றக் குறியீட்டைத் திருத்தும் பொறுப்பு ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்கப்பட வேண்டும். இதற்குப் புதுக் கட்டடமோ புது இயந்திரமோ வேண்டியதில்லை.

இப்போது ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 1956-இல் சிம்பன்சிகளிடம் முதலில் கண்டறியப்பட்டு, அடுத்த ஆண்டே கைக்குழந்தைகளிடமும் காணப்பட்ட இந்த வைரஸுக்கு, இத்தனை பத்தாண்டுகள் கழித்து எல்லாக் குழந்தைகளுக்குமான தடுப்பு வந்திருக்கிறது. நிர்செவிமாப் என்னும் எதிர்ப்பொருள் ஊசி 2022-இல் ஐரோப்பாவிலும் 2023-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசிக்கும் 2023-இல் அனுமதி கிடைத்தது. 2025-இல் உலகச் சுகாதார நிறுவனம் இரண்டில் ஒன்றையாவது நாடுகள் தத்தம் திட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. இவை விலை உயர்ந்தவை. ஓர் அமைச்சகம் பணம் ஒதுக்கும்போது முதலில் கேட்பது, ‘நம் நாட்டில் எத்தனை குழந்தைகள்?’ என்பதே. அந்த மேசையில் 90 என்ற எண் இருக்கிறதா, வரம்போடு கூடிய 250 என்ற எண் இருக்கிறதா என்பது முடிவை மாற்றும். ஆபத்துள்ள குறைமாதக் குழந்தைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று சொல்பவர்களுக்கும் விடை வேண்டும். ஆர்.எஸ்.வி.யால் சேர்பவர்களில் பெரும்பாலோர் இவனைப் போல நிறைமாதத்தில் ஆரோக்கியமாகப் பிறந்தவர்கள்தான்.

எந்த மாதத்தில் ஊசி போடுவது என்பதும் உள்ளூர்க் கணக்கையே நம்பியிருக்கிறது. நிர்செவிமாப் ஒரு தவணைக்குக் குறைந்தது ஐந்து மாதம் காக்கும். செப்டம்பரில் அலை எழும் என்றால் ஆகஸ்டுக்குள் போட்டாக வேண்டும். கோவிட் கட்டுப்பாடுகளுக்குப் பின் 2020 இறுதியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் குளிர்கால வைரஸான ஆர்.எஸ்.வி. கோடையை ஒட்டி வெடித்துக் கிளம்பியது. பழைய நாட்காட்டியை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அது புரியாமலே போயிருக்கும். ஆகவே அந்த வாரம் இரண்டு நாள் மாதிரி எடுப்பது ஆண்டு முழுவதும், வார்டு காலியாக இருக்கும் மே, ஜூன் மாதங்களிலும் நடக்க வேண்டும்.